கிரேக்கம் படித்தவர் தமிழைக் கண்ட கதை: கால்டுவெல்லின் வாழ்வு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடக்கும்போது வெள்ளை வெளேரென்ற குவியல்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாகக் கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலில் நின்று உப்பு வாருபவர்களின் உழைப்பு அது. எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்து போகும். அந்த நாட்களில் கூலியும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், இந்த உப்பளங்களில் வேலை செய்யும் ஒரு சகோதரர் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். கல்லூரியில் மொழியும் இலக்கியமும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பழைய கிரேக்கத்தையும் இன்றைய கிரேக்கத்தையும் சேர்த்துப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்களாம், செல்போனில் பார்த்தேன் என்று சொன்னான். தந்தைக்கு அது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருந்தது. செத்துப்போன மொழியைப் படித்தால் சோறு கிடைக்குமா, ஹஜ்ரத் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. மதரஸாவில் ஓதி முடித்த பிறகு நாம் அஞ்சல் வழியில் இளங்கலை படித்தபோது, ஆலிமுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று பலர் கேட்டார்கள். அன்று நாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டோம். ஆனால் ஒரு தந்தை தம் பிள்ளையின் எதிர்காலத்தை முன்னே வைத்துக் கேட்கும்போது அப்படி நகர்ந்துவிட முடியாது. அதனால் அவருக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னோம். அதையே வாசகர்களுக்கும் விரிவாகச் சொல்கிறோம்.

நம் கரையை எழுதிவைத்த கிரேக்க நூல்

முதலில் ஒரு செய்தி. மரக்காணத்துக்கும் கிரேக்க மொழிக்கும் ஏறத்தாழ 2000 ஆண்டு உறவு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கமிருந்து வணிகம் செய்த ஒரு கிரேக்கர், தம் பெயரைக் குறிக்காமல், செங்கடல் தொடங்கி இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். பெரிப்ளூஸ் என்று அந்த நூலை அழைக்கிறார்கள். எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், என்ன வாங்கலாம், எந்த மாதத்தில் கப்பல் ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

நம் கிழக்குக் கரையில் அவர் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறார். கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டுப் பகுதி என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் இதே ஊர்தான் என்பது அவர்களின் கருத்து. எயில் என்றாலும் மதில், சோ என்றாலும் அரண். மதில் சூழ்ந்த பட்டினம் என்ற ஒரே பெயரைத்தான் தமிழ்ப் புலவர் ஒரு விதமாகவும் கிரேக்க வணிகர் ஒரு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்குகிறார்கள்.

கிரேக்கம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லாவிட்டால் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று சந்தித்திருக்காது. அப்படி இரண்டையும் தெரிந்துகொண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முன்னோடியானவர் ராபர்ட் கால்டுவெல்.

அவர் கிறிஸ்தவப் பாதிரியார். தம் மதத்தைப் பரப்பவே இந்நாட்டுக்கு வந்தவர். அவருடைய கொள்கை வேறு, நம்முடைய கொள்கை வேறு. ஆனாலும் தமிழ் பேசும் ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். கடனை மறைப்பது நேர்மையாகாது.

ஏழை வீட்டுப் பிள்ளை

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளேடி என்ற இடத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதியில்லாதவர்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. ஆலைகள் பெருகிவந்த, உழைப்பாளிகள் நிறைந்த நகரம் அது.

பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடிக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். பதினாறு வயதளவில் அண்ணன் ஒருவர் அவரை டப்ளின் நகருக்கு அழைத்துச் சென்று ஓவியம் கற்க வைத்தார். சில ஆண்டுகள் ஓவியம் கற்றார். பிறகு மார்க்கச் சிந்தனை மேலோங்கி, ஓவியத்தை விட்டுவிட்டு கிளாஸ்கோவுக்குத் திரும்பினார். 1834இல் லண்டன் மிஷனரி சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்தின் ஆதரவில்தான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பும் அமைந்தது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு ஆர்வம் மட்டும் போதாது. தாங்கிப் பிடிக்க ஒரு கையும் வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கிளாஸ்கோவின் கிரேக்க வகுப்பு

அக்காலத்தில் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் கலைப் படிப்பு என்றால் லத்தீன், கிரேக்கம், தர்க்கம், ஒழுக்கவியல், இயற்கைத் தத்துவம் ஆகியவை முதன்மையான பாடங்கள். நம் மதரஸாக்களில் நஹ்வு, ஸர்ஃபு என்ற இலக்கணப் பாடங்களில் தொடங்கி மன்திக் என்ற தர்க்கத்துக்குச் செல்வதைப் போன்ற ஓர் அமைப்பு. கிரேக்க வகுப்பில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் என்ன வேற்றுமை, என்ன காலம், எந்த வேரிலிருந்து வந்தது என்று பிரித்துப் படிப்பார்கள். மதரஸாவில் இபாரத் வாசித்தவர்களுக்கு இந்தப் பயிற்சியின் அருமை தெரியும்.

அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர் சர் டேனியல் சாண்ட்ஃபோர்ட். இருபத்து மூன்று வயதிலேயே, 1821இல், அந்தப் பதவிக்கு வந்தவர். அவர் கிரேக்கத்தை ஒரு தனி மொழியாக மட்டும் கற்பிக்கவில்லை. பிற மொழிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். மொழிகளுக்கும் குடும்பம் உண்டு என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. தந்தையைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் பதேர், லத்தீனில் பதெர், சமஸ்கிருதத்தில் பிதா. எண்களிலும் வினைச்சொற்களிலும் இதே ஒற்றுமை. கொல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இந்த உறவை எடுத்துரைத்த பின்னர் இது ஒரு தனிக் கல்வித்துறையாகவே வளர்ந்தது.

மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் தமக்கு சாண்ட்ஃபோர்டின் வகுப்பில்தான் பிறந்தது என்று கால்டுவெல் தம் வாழ்க்கை நினைவுகளில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1837இல் அவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கப்பல் ஏறி, 1838 ஜனவரி 8ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அடுத்த மாதமே, நாற்பதே வயதான சாண்ட்ஃபோர்ட் மறைந்தார். தம் வகுப்பிலிருந்து எழுந்து சென்ற ஒரு மாணவர் வங்கக் கடலோரத்தில் என்ன செய்யப் போகிறார் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியாமலேயே போயிற்று. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் உஸ்தாதுமார்கள் இந்த இடத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இடையன்குடியின் செம்மணல்

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றார். பிறகு லண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு ஆங்கிலேயத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். 1841இல் சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு மாட்டு வண்டியிலோ பல்லக்கிலோ போகாமல், பெரும்பகுதியை நடந்தே கடந்தார். மக்கள் பேசுவதைக் கேட்க வேண்டும், ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நீலகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு மதுரையைத் தாண்டி, அந்த ஆண்டு இறுதியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார்.

செம்மணல் தேரியும் பனைமரமுமாக இருந்த சிற்றூர் அது. அங்கேதான் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறு வெட்டினார், மரம் நட்டார், பள்ளிகள் திறந்தார். 1844இல் நாகர்கோவிலில் பணியாற்றிய மிஷனரி ஒருவரின் மகளான எலிசாவை மணந்தார். திருவிதாங்கூரில் வளர்ந்த எலிசாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதும், அவர்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக்கொடுத்து நாலு காசு சம்பாதிக்க வழி செய்ததும் அவர்தான். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய தேவாலயம் முடிய முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1847இல் தொடங்கி 1880இல் முடிந்தது.

கிளாஸ்கோவில் கற்ற கிரேக்கம் இங்கே சும்மா இருக்கவில்லை. கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்க மூலம்தான் அடிப்படை. ஹென்றி பவர் தலைமையில் தமிழ் பைபிளைத் திருத்தி அமைத்த குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். அந்தத் திருத்தம் 1871இல் முழுமையாக வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு மூலத்தில் என்ன பொருள், தமிழில் எந்தச் சொல் அதைத் தாங்கும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து வாதிடும் வேலை அது. குர்ஆனின் கருத்துகளைத் தமிழில் தர முயன்றவர்களுக்கு இந்தப் பாடு என்னவென்று தெரியும்.

தமிழ் யாருடைய பிள்ளை?

அந்நாளில் கற்றவர்களிடையே ஒரு எண்ணம் வேரூன்றியிருந்தது. இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை, தமிழும் அப்படித்தான் என்பது அந்த எண்ணம். தமிழில் கலந்திருந்த வடசொற்களைப் பார்ப்பவர்களுக்கு அது சரியென்றும் தோன்றும். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816லேயே தென்னிந்திய மொழிகள் தனி இனம் என்று எழுதிவிட்டார். ஆனால் ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில் இடம்பெற்ற அந்தக் கட்டுரை அதிகம் பேருக்குச் சென்று சேரவில்லை. எல்லிஸும் 1819இல் இறந்துவிட்டார்.

கால்டுவெல் கிரேக்க வகுப்பில் கற்ற முறையை இங்கே கையில் எடுத்தார். இரண்டு மொழிகள் உறவா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அவை கடைச் சரக்கு போலக் கைமாறும். எண்கள், நான் நீ என்ற மூவிடப் பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினைமுற்று விகுதிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை எளிதில் கைமாறுவதில்லை.

இதை நம் வழக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஜில்லா, தாலுக்கா, வசூல், பாக்கி, ரத்து, ஆஜர், வக்கீல், அமல் ஆகிய சொற்களை மதம் பாராமல் தமிழர் எல்லாரும் பேசுகிறோம். எல்லாமே அரபியிலிருந்து வந்தவை. அதற்காகத் தமிழ் அரபியின் பிள்ளையாகிவிடுமா? வசூல் செய்தான் என்னும்போது வசூல்தான் வெளியிலிருந்து வந்தது. செய்தான் என்ற வினையும் ஆன் என்ற விகுதியும் நம்முடையவை. வடசொற்களும் அப்படித்தான் என்பதே கால்டுவெல் நிறுவிய செய்தியின் சாரம்.

எண்களைப் பாருங்கள். தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. இவை ஒரு வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் ட்ரெய்ஸ், சமஸ்கிருதத்தில் த்ரி. இவை வேறொரு வீட்டுப் பிள்ளைகள்.

இலக்கணத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் அரபியைப் போலவே ஒருமை, இருமை, பன்மை உண்டு. தமிழில் இருமை இல்லை. அம்மொழிகளில் உயிரற்ற பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ வரும். தமிழ் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. கிரேக்கத்தில் பெயருக்கு முன்னே வரும் சொற்களின் வேலையைத் தமிழில் பெயருக்குப் பின்னே வரும் உருபுகள் செய்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள் என்று தமிழ் இரண்டாகச் சொல்கிறது. அரபியில் நஹ்னு ஒன்றுதான். கிரேக்கத்திலும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்து பேசிவரும் நமக்கு இதெல்லாம் புதுமையாகவே தோன்றாது. இன்னொரு மொழியை இலக்கணத்தோடு கற்றவருக்குத்தான் நம் மொழியின் தனித்தன்மை கண்ணில் படும்.

1854இல் விடுப்பில் தாயகம் சென்ற கால்டுவெல், 1856இல் லண்டனில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிடம் என்ற சொல் சமஸ்கிருத நூல்களில் முன்பே இருந்ததுதான். அதை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியது இந்த நூல். அதற்கடுத்த ஆண்டு, அவர் படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1875இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் இலக்கியமுள்ள மொழிகள் ஆறு, எழுத்து வழக்கு இல்லாத மொழிகள் ஆறு எனப் பன்னிரண்டு மொழிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். நீலகிரித் தோடர்களின் மொழியும் வடக்கே ராஜ்மகால் மலைவாசிகளின் மொழியும் தமிழுக்கு உறவு என்பது அந்நாளில் பலருக்கு வியப்பாக இருந்தது.

கிரேக்கரின் ஏட்டில் தமிழ்ச் சொற்கள்

பழைய கிரேக்க நூல்களில் தமிழகச் சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்றும் கால்டுவெல் தேடினார். பெரிப்ளூஸ் நூலும் தாலமியின் நிலநூலும் கூறும் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டு தமிழோடு பொருத்தினார். பாண்டியரைப் பாண்டியோன் என்கிறார்கள், மதுரையை மொதூரா என்கிறார்கள், குமரியைக் கொமார் என்கிறார்கள். முத்துக் குளித்த கொல்கோய், தாமிரபரணிக் கரையிலுள்ள கொற்கை என்றார். கிரேக்கத்தில் அரிசியைக் குறிக்கும் ஒரூசா என்ற சொல் நம் அரிசியிலிருந்து சென்றது என்பது அவர் கருத்து. இதைப் பற்றி இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு.

ஏட்டைப் படித்ததோடு அவர் நிற்கவில்லை. கொற்கைக்கும் காயலுக்கும் நேரில் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1877இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் துறைமுகம், தாமிரபரணியின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பழையகாயலே என்று அடையாளம் காட்டினார். அங்கே மண்ணில் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பதிவு செய்தார். அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய துறை அது. பாண்டியரின் அவையில் அமைச்சராக இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பெயரோடு சேர்ந்து நம் வரலாற்றில் நிற்கும் இடம். நம் சமுதாயத்தின் கடலோர வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் காயலைச் சொல்கிறோம். அந்த மண்ணைத் தோண்டி முதலில் எழுதி வைத்தவர்களில் கிளாஸ்கோவில் கிரேக்கம் படித்த இந்தப் பாதிரியாரும் ஒருவர்.

அறிஞர் செய்த தவறு

இத்தோடு முடித்தால் இது புகழுரையாகிவிடும். கால்டுவெல்லின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு.

1849இல், ஒப்பிலக்கணத்துக்கு முன்பே, அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட இன்றைய நாடார் சமுதாயத்தைப் பற்றிய நூல் அது. தாம் யாரோடு வாழ்ந்தாரோ, யார் அவரைத் தாங்கினார்களோ, அந்த மக்களையே அதில் தாழ்வாகச் சித்தரித்தார். அவர்களுடைய பூர்வீகம், வழிபாடு, அறிவு பற்றியெல்லாம் வெளியிலிருந்து வந்தவரின் மேட்டிமையோடு எழுதினார். மேல்நாட்டில் உள்ளவர்களுக்காக எழுதியதை இவர்கள் படிக்கப்போகிறார்களா என்று நினைத்தாரோ என்னவோ. அவர் திறந்தவை போன்ற பள்ளிகளில் படித்த பிள்ளைகளே அதைப் படித்தார்கள். மனம் கொதித்தார்கள்.

சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் 1857இல் ஐரோப்பியர் தலைமையை ஏற்காத தனித் திருச்சபையைத் தொடங்கியதற்கு இந்நூல் எழுப்பிய கோபமும் ஒரு காரணம். பல ஆண்டுகள் எதிர்ப்பும் மனுவும் தொடர்ந்தன. கடைசியில் அந்நூல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆனால் எழுதியது எழுதியதுதான்.

ஒரு மக்களின் மொழியை இத்தனை நுட்பமாகக் கேட்ட காது, அந்த மக்களின் மனத்தைக் கேட்கத் தவறியது. பன்னிரண்டு மொழிகளின் விகுதிகளைத் தெரிந்துகொள்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணியத்தைத் தெரிந்துகொள்வது வேறு. ஆலிம்களாகிய நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கிதாபுகள் பல ஓதியவர்கள், ஓதாதவர்களைப் பற்றி மிம்பரில் எப்படிப் பேசுகிறோம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆய்விலும் அவர் எல்லாம் சரியாகச் சொல்லிவிடவில்லை. திராவிட மொழிகளை மத்திய ஆசியாவின் சித்திய மொழிகளோடு இணைத்தார். இன்று அதை ஏற்பதில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தை மிகப் பிற்காலத்துக்குத் தள்ளினார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் எழுதியபோது சங்க நூல்கள் பெரும்பாலும் அச்சில் இல்லை. ஓலைச்சுவடிகளாக மடங்களிலும் வீடுகளிலும் முடங்கிக் கிடந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தது 1887இல். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல். நம் எயிற்பட்டினத்தைச் சொல்லும் சிறுபாணாற்றுப்படை அந்தப் பத்துப்பாட்டில்தான் இருக்கிறது.

சோபட்மா என்று எழுதிய கிரேக்க ஏடு ஐரோப்பாவில் அச்சாகி, கால்டுவெல்லின் மேசைக்கு வந்துவிட்டது. எயிற்பட்டினம் என்று எழுதிய தமிழ் ஏடு தமிழ்நாட்டிலேயே ஓலைக்கட்டில் இருந்தது. கிரேக்கர்கள் தங்கள் மொழியைக் காத்தார்கள். ஐரோப்பியர்கள் அதற்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கை வைத்துக் கற்பித்தார்கள். அதனால் நம் ஊரின் பெயரும் அவர்கள் ஏட்டில் பிழைத்தது.

கடைசி ஆண்டுகள்

1877இல் கொல்கத்தாவில் அவர் ஆயராக நியமிக்கப்பட்டார். தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிய காலம் அது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கப் பஞ்ச நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டப்பட்டதும் அப்போதுதான். மரக்காணத்தில் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அது. பசித்த மக்கள் மண் சுமந்து வெட்டிய அந்த நீர்வழியில் நம் ஊர் உப்பும் பயணம் செய்தது. நெல்லையிலும் அதே பஞ்சம். அங்கே நிவாரணப் பணிகளில் கால்டுவெல் ஈடுபட்டிருந்தார்.

1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். உடல் தளர்ந்து 1891 ஜனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். வயது எழுபத்தேழு. உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

தந்தைக்கு நாம் சொன்னது

இனி, அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

கிரேக்கம் செத்த மொழி அல்ல. இன்றும் கிரீஸிலும் சைப்ரஸிலும் அதைப் பேசுகிறார்கள். தமிழைப் போலவே பழைய வடிவமும் புதிய வடிவமும் உள்ள மொழி அது. எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்று அவர்களும் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். 1976இல்தான் பேச்சு வழக்கைச் சார்ந்த மொழியை அரசு மொழியாக்கினார்கள். அதனால்தான் அங்கே பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

மற்றவர்களின் மொழியைக் கற்பது நமக்குப் புதிதும் அல்ல. அப்பாசியர் கால பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியாக்கினார்கள். அந்தப் பணியின் தலைமகனான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். மருத்துவ மேதை காலனின் நூல்களை அவரும் அவருடைய மாணவர்களும் அரபியில் தந்தார்கள். அவரை ஆதரித்தவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்கள். நம் தமிழ் முன்னோர்களும் ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் சொன்னார்கள். இரண்டு மொழியையும் நன்கு அறிந்தவர்களால்தான் அப்படிப் பொருத்தமான சொல்லை எடுக்க முடியும்.

சோறு கிடைக்குமா என்ற கேள்விக்குப் பொய்யான நம்பிக்கை தர நாம் விரும்பவில்லை. மொழிப் படிப்பு உடனே சம்பளம் தராது. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வாளர், பத்திரிகையாளர் என்று வழிகள் உண்டு; ஆனால் மெதுவாகத்தான் திறக்கும். அந்த இடைக்காலத்தை ஓர் உப்பளத் தொழிலாளியின் குடும்பம் தனியே தாங்க முடியாது. கால்டுவெல்லை ஒரு சங்கம் தாங்கியது. நம் பிள்ளைகளை யார் தாங்குவது? மருத்துவமும் பொறியியலும் படிப்பவர்களுக்கு உதவித்தொகை அறிவிக்கும் நம் ஜமாஅத்துகளும் செல்வந்தர்களும், வரலாறும் மொழியும் படிக்கும் ஒரு பிள்ளைக்காவது பட்டியலில் இடம் தர வேண்டும். நாளை நம் கடலோர ஊர்களின் பழைய கதையை எழுத வேண்டியவன் அவன்தான். இல்லையேல் அதையும் வேறு யாரோ வந்து எழுதுவார்கள். எழுதும்போது நம்மை எப்படி எழுதுவார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கும். நெல்லையில் 1849இல் நடந்தது அதுதான்.

தந்தை நாம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் ஹஜ்ரத் என்று மட்டும் சொல்லிப் போனார். மகன் இப்போது ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறான். முதல் ஆண்டுச் செலவில் பாதியை மஹல்லாவில் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். விடுமுறை நாட்களில் தந்தையோடு உப்பளத்துக்குப் போகிறான். சென்ற வாரம் நம்மைப் பார்க்க வந்தவன், கிரேக்க எழுத்துகளை ஒரு பழைய நோட்டில் எழுதிப் பழகியிருந்ததைக் காட்டினான். அதன் கடைசிப் பக்கத்தில், தட்டுத் தடுமாறிய கையெழுத்தில், சோபட்மா என்று எழுதியிருந்தான்.